உடைந்த ஷாப்ட் சொன்ன கணக்கு

எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், போன வருடம் வரை ஒரு பெரிய மைலோ டின் இருந்தது. அதைத் திறந்தால் பழைய சட்டைத் துணியில் சுற்றி, கிரீஸ் பூசிய ஓர் இரும்புத் துண்டு இருக்கும். என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் நீளம். ஒரு முனை ரம்பத்தால் அறுத்தது, நேராக இருக்கும். மறுமுனை சங்கைப் போல் சுருண்டு, விளிம்பு கூர்மையாக உடைந்திருக்கும்.

"இந்தப் பழைய இரும்பைப் போட்டா ரெண்டு வெள்ளியாவது கிடைக்கும்" என்று தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி சொல்வார். நான் பதில் சொல்லாமல் டின்னை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பேன்.

அந்தத் துண்டு என்னிடம் வந்த கதை 2003-ஆம் வருடத்தைச் சேர்ந்தது. அப்போது பேராக்கில் ஒரு ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்தேன். மங்கிலேயே உறைந்துபோன கட்டிப்பால் லோரி லோரியாக வந்து இறங்கும். அதைக் கழுவி, நறுக்கி, பெரிய இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, மறுபடி பொடியாக்கி, காயவைத்து, 33.3 கிலோ கட்டியாக அழுத்தி அனுப்புவார்கள். உருளைகளைச் சுற்றவைக்கும் ஷாப்ட், கப்ளிங், பேரிங் எல்லாம் என் பொறுப்பு.

ஒரு ராத்திரி ஷிப்டில் வெடி வைத்தது போல் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து உருளைக்குப் போகும் ஷாப்ட் இரண்டு துண்டு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் ஆலை நான்கு நாள் நின்றது.

விசாரணை வைத்தார்கள். கப்ளிங்கை நான் ஒழுங்காக நேர்ப்படுத்தவில்லை, அதனால்தான் ஷாப்ட் உடைந்தது என்று மேலாளர் முடிவுக்கு வந்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன்புதான் டயல் கேஜ் வைத்து அதை நேர்ப்படுத்தியிருந்தேன். "பாஸ், இது நேர்ப்படுத்தாததால உடைஞ்ச மாதிரி இல்ல. சுருண்டு உடைஞ்சிருக்கு பாருங்க" என்றேன். அவர் அந்தத் துண்டைப் பார்க்கக்கூட இல்லை. "உடைஞ்சா உடைஞ்சதுதான். அதில சுருண்டது என்ன, நேரா என்ன?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கு முன் எத்தனையோ உடைந்த ஷாப்டுகளைப் பார்த்திருக்கிறேன். நேர்ப்படாமல் ஓடி உடைந்தது குறுக்கே தட்டையாக உடைந்திருக்கும். இது அப்படி இல்லை. கை சொல்கிறது, கண் சொல்கிறது, வாய்க்குத்தான் சொல் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அந்த வருடப் போனஸ் போயிற்று. மகள் அப்போது கைக்குழந்தை. மறுவருடம் நானே அந்த வேலையை விட்டுவிட்டேன். வரும்போது பழைய இரும்புக் குவியலில் கிடந்த அந்த முனையை மட்டும் ஸ்டோர்க்காரரிடம் கேட்டு, அறுத்து எடுத்து வந்தேன்.

இனி மகள் கதைக்கு வருகிறேன்.

போன வருடம் செமஸ்டர் விடுமுறைக்கு வந்தவள் முகமே சரியில்லை. பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல், இரண்டாம் ஆண்டு. இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னார். திடப்பொருள் இயக்கவியல் என்று ஒரு பாடம், அதில் பெயில். மறுபடி எடுத்தாலும் பாஸாக முடியாதாம். படிப்பை நிறுத்திவிட்டு ஈப்போவில் தோழி வேலை செய்யும் கடையில் சேரப் போகிறாளாம். கல்விக் கடன் வேறு ஏறிக்கொண்டிருக்கிறது, வீணாக ஏன் என்று கேட்கிறாளாம்.

நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவன். அதற்குப் பிறகு தொழிற்பயிற்சி நிலையம். என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவி, மதியத்தில் ஸ்டோரில் ரப்பர் ஷீட் மிஷின் சுற்றியவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி இவள்தான் என்று லயத்தில் பழகிய எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். கோபமாகத்தான் வந்தது. ஆனால் அன்று இரவு அவள் சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்துவைத்து, எழுதாமல் பேனாவை மட்டும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, கோபம் எங்கோ போய்விட்டது. அந்த முகத்தை நான் விசாரணை அறையில் பார்த்திருக்கிறேன். அது என் முகம்.

பக்கத்தில் உட்கார்ந்து, "எதும்மா புரியல?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா."

"எனக்குப் புரியலன்னா பரவாயில்ல. சொல்லு."

"எல்லாம் இந்த டென்சர்தான். ஒன்பது நம்பர் போட்ட கட்டம். டென்சர்னா என்னன்னு கேட்டா, குறிப்பிட்ட விதிப்படி மாறுற நம்பர்கள்ங்கறாங்க. அந்த விதியை மனப்பாடம் பண்ணேன். கணக்கில வேற மாதிரி கேட்டுட்டாங்க. அவ்வளவுதான்."

கட்டத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாத ஓர் இயந்திரத்தைப் பார்த்தால் ஒரு பிட்டர் முதலில் என்ன கேட்பான்? அதைத்தான் நானும் கேட்டேன்.

"சரி, இது என்ன வேலை செய்யும்? உள்ளே என்ன போகும், வெளியே என்ன வரும்?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினாள். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. கடைசியில், "வெக்டர் உள்ள போகும்ப்பா. வெக்டர் வெளிய வரும்" என்றாள். அவள் சொன்ன விதத்தில், அவளுக்கே அது புதுச் செய்தியாக இருந்தது போலத் தெரிந்தது.

வெக்டர் என்றால் அம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு என்ற இரண்டையும் ஒன்றாகச் சொல்வது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒவ்வொருவர் இழுப்பதும் ஓர் அம்பு. காற்று ஓர் அம்பு. நகரும் வேகம் ஓர் அம்பு. டென்சர் என்பது ஓர் அம்பை வாங்கிக்கொண்டு இன்னோர் அம்பைத் தருகிற இயந்திரம். முதல்நாள் எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

"ஆனா ஏன் ஒரு இயந்திரம் வேணும்? ஒரு பக்கம் தள்ளினா அந்தப் பக்கம்தானே போகும்?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகு நானே சிரித்தேன். சிறுவயதில் லயத்துக் கூரையில் பந்து மாட்டிக்கொள்ளும். தகரக் கூரைக்கு நெளிநெளியாகப் பள்ளம் இருக்குமே, அதில் கிடக்கும் பந்தைக் குச்சியால் சாய்வாகத் தள்ளுவோம். அது நாம் தள்ளிய பக்கம் போகாது, பள்ளத்தோடு ஓடும். பள்ளத்துக்கு நேர் குறுக்கே மெதுவாகத் தள்ளினால் அசையவே அசையாது. பள்ளத்தோடு தள்ளினால் முழுசாக ஓடும். பள்ளம் நம் தள்ளலில் தன் திசையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அந்த அளவைத் தன் திசையில் திருப்பித் தருகிறது. மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. உள்ளே போன அம்பும் வெளியே வந்த அம்பும் ஒரே திசையில் இல்லை.

"இதுக்குப் பேர் டையாட்ப்பா!" என்று மகள் கத்தினாள். ஒரு திசையில் கேட்டு, ஒரு திசையில் கொடுக்கும் மிக எளிய டென்சர். கேட்கும் திசையும் கொடுக்கும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கிணற்றுக் கப்பியில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருகிறதல்லவா, அதைப் போல. எவ்வளவு சிக்கலான டென்சரையும் இப்படிப்பட்ட மூன்று எளிய இயந்திரங்களைக் கூட்டிச் செய்துவிடலாம் என்று அவள் புத்தகத்தில் இருந்தது. அதுவரை அந்தப் பக்கத்தை அவள் மஞ்சள் மையால் கோடு போட்டு மனப்பாடம் செய்திருந்தாள்.

மறுநாள் பசியாறும்போதே புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். அம்பு போய் அம்பு வருகிற எல்லாமே டென்சர் ஆகிவிடாதாம். இரண்டு நிபந்தனை உண்டாம். உள்ளே போகும் அம்பை இரண்டு மடங்காக்கினால், வெளியே வருவதும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். இரண்டு அம்புகளைச் சேர்த்து உள்ளே அனுப்பினால், தனித்தனியாக அனுப்பியபோது வந்த இரண்டு விடைகளையும் சேர்த்தது வர வேண்டும். இதைத்தான் நேரியல் என்கிறார்கள்.

"அப்படி இல்லாதது எது?" என்றேன்.

அவள் யோசித்தாள். என் மனைவி தோசைக் கரண்டியைக் காட்டி, "அந்த அலமாரியை நீங்க லேசாத் தள்ளிப் பாருங்க. அசையாது. அதே மாதிரி ரெண்டு பங்கு தள்ளினாலும் அசையாது. அஞ்சு பங்கு தள்ளினா திடீர்னு போயி சுவத்தில இடிக்கும்" என்றார். சரியான உதாரணம். ஒரு பங்குக்குப் பூஜ்யம், ஐந்து பங்குக்கு மட்டும் ஓட்டம் என்றால் அது நேரியல் இல்லை. அன்றைக்கு அவருக்கும் சேர்த்து ஒரு தே தாரிக் போட்டேன்.

இந்த இரண்டு நிபந்தனையும் சாதாரணமாகத் தெரியும். ஆனால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஓர் இயந்திரம் இந்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டால், அதை எல்லாத் திசையிலும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று திசையில் ஓர் அம்பு விட்டுப் பார்த்தால் போதும். வேறு எந்தச் சாய்வான அம்பும் இந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்ததுதான். ஆகவே அதன் விடையும் அந்த மூன்று விடைகளை அதே அளவில் கலந்ததுதான். மூன்று கேள்வி, மூன்று விடை. ஒவ்வொரு விடையும் ஓர் அம்பு, அதை எழுத மூன்று எண் வேண்டும். மும்மூன்று ஒன்பது.

"ஒன்பது நம்பர் இங்கேருந்து வருதா!" என்றாள் மகள். ஒன்றரை வருடமாக அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கிறாள். அது மூன்று கேள்விக்கு வந்த மூன்று பதில், வரிசையாக எழுதிவைத்தது, அவ்வளவுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அவள் காதில் விழாமலும் இருந்திருக்கலாம். முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் எல்லாம் காதில் விழுமா என்ன?

அன்று மதியம் என் பழைய மோட்டார் சைக்கிளின் டியூபை வெட்டி ஒரு துண்டு எடுத்தேன். என் அம்மா நினைவுதான் காரணம். ஸ்டோரில் அவர் மிஷின் கைப்பிடியைச் சுற்ற, உறைந்த பால் கட்டி உருளைகளுக்குள் போய் நீண்ட ஷீட்டாக வெளியே வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உறைந்த பாலில் நகத்தால் கோடு கீறுவேன். உள்ளே போன கோடு வெளியே வரும்போது நீண்டிருக்கும். சாய்வாகக் கீறினால் அதன் சாய்வே மாறியிருக்கும். அடி விழுந்தாலும் மறுநாள் மறுபடி கீறுவேன்.

டியூப் துண்டில் வெள்ளைப் பேனாவால் ஒரு சதுரம் வரைந்து, மூலைக்கு மூலை இரண்டு கோடும் போட்டேன். அவள் ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்து இழுத்தோம். இழுத்த திசையில் இருந்த பக்கங்கள் நீண்டன, திசை மாறவில்லை. குறுக்குப் பக்கங்கள் சுருங்கின, அவையும் திசை மாறவில்லை. மூலைக்கோடுகள் இரண்டும் நாங்கள் இழுத்த பக்கமாகச் சாய்ந்தன. பழைய கோடு உள்ளே போகிறது, புதிய கோடு வெளியே வருகிறது. இதுவும் அதே வகை இயந்திரம். திசை மாறாமல் நீளம் மட்டும் மாறுகிற சில சிறப்புத் திசைகள் உண்டு என்பதைப் புத்தகத்தில் பெரிய பெயர் வைத்து நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அது அவள் கையில், டியூப் துண்டில் இருந்தது.

டென்சர் என்ற சொல்லே இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். 1898-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வோல்டெமார் ஃபோய்க்ட், படிகங்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பொருளில் அதைப் பயன்படுத்தினார். படிகம் என்றால் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. நம் பலகைக்கு நார் ஓடுவது போல அதற்கும் ஒரு போக்கு உண்டு. ஒரு பக்கம் இழுத்தால் வேறு பக்கமும் பதில் சொல்லும். அதை எழுதிவைக்க ஒற்றை எண் போதவில்லை.

மூன்றாம் நாள் இரவு, அவள் தகைவு பற்றிய பகுதிக்கு வந்திருந்தாள். "இதுதான்ப்பா நான் பெயிலான இடம்" என்றாள்.

1822-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி ஒரு யோசனை சொன்னார். ஒரு திடப்பொருளுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே மனத்துக்குள் அதை ஒரு கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது? அந்தத் திசைதான் உள்ளே போகும் அம்பு. அந்த முகத்தின் வழியாக ஒரு பாதி மறுபாதியை, பரப்பளவு ஒன்றுக்கு எவ்வளவு விசையோடு, எந்தப் பக்கம் இழுக்கிறது அல்லது தள்ளுகிறது? அதுதான் வெளியே வரும் அம்பு. வெட்டைத் திருப்பினால் விடை மாறும். எந்த வெட்டுக்கும் விடை சொல்கிற இயந்திரம்தான் தகைவு டென்சர். அசையாமல் நிற்கும் தண்ணீருக்குள் இது ரொம்ப எளிது: எப்படி வெட்டினாலும் முகத்துக்கு நேராக, ஒரே அளவில் அழுத்தும். இரும்பு அப்படி இல்லை. வெட்டு ஒரு பக்கம் பார்க்கும், விசை இன்னொரு பக்கம் போகும்.

"முறுக்கின ஷாப்டுக்கு இதைக் கண்டுபிடின்னு கேட்டிருந்தாங்க" என்றாள்.

நான் எழுந்துபோய் மைலோ டின்னை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். துணியைப் பிரித்தேன். அவள் அந்த முனையைத் தடவிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கதையை அவளிடம் சொன்னேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. தாளை எடுத்து ஷாப்டின் மேற்பரப்பில் ஒரு சின்னச் சதுரம் இருப்பதாக வரைந்தாள். ஓர் அம்பு ஷாப்டின் நீளவாக்கில், இன்னோர் அம்பு சுற்றுவாக்கில். "முறுக்கு மட்டும்தான் இருக்குன்னு வச்சுக்குவோம். அளவை 4-ன்னு வச்சுக்குவோம்" என்று தொடங்கினாள்.

நீளவாக்கில் பார்க்கும் முகம் என்றால், ஷாப்டைக் குறுக்கே வெட்டியது. முறுக்கும்போது அந்த முகத்தில் விசை சுற்றுவாக்கில் இருக்கும். ஆக, நீளவாக்கு அம்பு உள்ளே போனால் சுற்றுவாக்கில் 4 வெளியே வரும். சதுரம் தானாகச் சுழன்றுவிடாமல் இருக்க வேண்டும் என்றால், சுற்றுவாக்கில் பார்க்கும் முகத்தில் நீளவாக்கில் அதே 4 இருந்தாக வேண்டும். ஆக, சுற்றுவாக்கு அம்பு உள்ளே போனால் நீளவாக்கில் 4 வெளியே வரும். இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

"இப்போ ரெண்டையும் சேர்த்து அனுப்புறேன்ப்பா." நீளவாக்கில் ஒன்று, சுற்றுவாக்கில் ஒன்று: இரண்டுக்கும் சரியாக நடுவே சாயும் அம்பு, 45 பாகை. விடைகளையும் சேர்க்க வேண்டும். சுற்றுவாக்கில் 4, நீளவாக்கில் 4. அதுவும் அதே 45 பாகைச் சாய்வு! உள்ளே போன திசையிலேயே, நான்கு மடங்காக வெளியே வந்துவிட்டது. அப்படியென்றால் அந்தச் சாய்வைப் பார்க்கும் முகத்தில் வழுக்கல் எதுவும் இல்லை, நேராகப் பிய்த்து இழுக்கிறது. எதிர்ச் சாய்வை அனுப்பினால் விடை தலைகீழாக வந்தது: அங்கே 4 அழுத்துகிறது. வேறு எந்தச் சாய்விலும் இழுவை 4-ஐத் தாண்டவில்லை.

அவள் பேனாவை வைத்துவிட்டு, சின்ன வயதில் வாங்கிய எழுதுபலகைப் பெட்டியைத் தேடி ஒரு சாக்குக்கட்டி எடுத்து வந்தாள். இரண்டு முனையையும் பிடித்து, வளைக்காமல் துணி பிழிவது போல் முறுக்கினாள். பட்டென்று உடைந்தது. உடைந்த முகத்தை என் ஷாப்ட் துண்டின் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒரே சுருள்.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். சாக்குக்கட்டியை வளைத்து உடைத்தால் குறுக்கே ஏறக்குறையத் தட்டையாக உடையும், முறுக்கினால் 45 பாகையில் சுருண்டு உடையும். சாக்குக்கட்டியும் நன்றாகக் கடினப்படுத்திய எஃகும் இழுவைக்குத்தான் முதலில் தோற்கும். வளைக்கும்போது மேற்பரப்பில் இழுவை நீளவாக்கில் இருக்கிறது, அதனால் முறிவு குறுக்கே ஓடும். முறுக்கும்போது இழுவை 45 பாகையில் இருக்கிறது, முறிவு அதற்குச் செங்குத்தாக ஓடி ஷாப்டைச் சுற்றிச் சுருளாகிறது. மிருதுவான எஃகு இப்படி இல்லை, அதை ஒரேயடியாக முறுக்கினால் வழுக்கிக் குறுக்கே தட்டையாகவே உடையும். எங்கள் ஷாப்ட் கடினப்படுத்தியது.

"கப்ளிங் நேரா இல்லன்னா ஷாப்ட் சுத்தச் சுத்த வளையும். அது வளைவுல உடையுற கேஸ். இது முறுக்குல உடைஞ்சது. உருளையில ஏதோ மாட்டியிருக்கு, மோட்டார் விடாம சுத்தியிருக்கு" என்றாள். பிறகு தலைநிமிர்ந்து, "நீங்க சொன்னது சரிதான்ப்பா" என்றாள்.

இருபத்தொரு வருடம். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கட்டிப்பாலில் கல்லும் இரும்பும் வருவது புதிதில்லை. மோட்டாருக்குப் பளு கூடினால் அதை நிறுத்த ஓவர்லோட் ரிலே என்று ஒன்று உண்டு. அது அடிக்கடி நிறுத்துகிறது என்று அதன் அளவைக் கூட்டி வைத்திருந்தார்கள் என்று, அங்கே வயர்மேனாக இருந்த நண்பர் பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னார். உடைந்த முகம் யார் தவறு என்று சொல்லாது. எந்த விசை உடைத்தது என்று மட்டும் சொல்லும். அதைச் சொல்ல எனக்கு அன்று நான்கு வரிக் கணக்கு போதுமாக இருந்திருக்கும். அந்த ஆலை இப்போது இல்லை. அந்த மேலாளரும் இல்லை. யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனத்தில் இருந்த ஏதோ ஒன்று அன்று இரவு இறங்கியது உண்மை.

மறுநாள் காலை மகள் இன்னொன்றும் காட்டினாள். கணக்குப் போட்ட தாளை 45 பாகை திருப்பி வைத்து, சாய்வான இரண்டு திசைகளையே புதிய அளவுகோலாக வைத்து அதே கட்டத்தை மறுபடி எழுதினாள். முன்பு பூஜ்யம், 4, 4, பூஜ்யம். இப்போது 4, பூஜ்யம், பூஜ்யம், கழித்தல் 4.

"ரெண்டும் வேற வேற நம்பர் ஆச்சே?" என்றேன்.

"ஷாப்ட் ஒண்ணுதான்ப்பா. நாம நிக்கிற எடந்தான் வேற. எடம் மாறினா நம்பர் மாறணும், அப்பத்தான் இயந்திரம் மாறாம இருக்கும். அந்த மாறுற விதியைத்தான் நான் மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன்."

ஆக, விரிவுரையாளர் சொன்னது தவறில்லை. குறிப்பிட்ட விதிப்படி மாறும் எண்கள் என்பது உண்மைதான். ஆனால் அது வாலைப் பிடித்து மாட்டைக் காட்டுவது. மாறாத ஒன்று உள்ளே இருக்கிறது, அதனால்தான் எண்கள் அந்த விதிப்படி மாறுகின்றன. மாட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் வால் ஏன் அங்கே இருக்கிறது என்று தானாகப் புரிந்துவிடும்.

மகள் விடுமுறை முடிந்து திரும்பிப் போனாள். அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தாள். பெரிய மதிப்பெண் என்று சொல்ல முடியாது, 'பி' வாங்கினாள். இப்போது மூன்றாம் ஆண்டு. கடை வேலை பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. கடை வேலை மட்டமானது என்று நான் சொல்லவில்லை, புரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளை போகக் கூடாது என்றுதான் சொல்கிறேன். புரியாததைச் சொல்லத் தெரியாமல் ஓர் இடத்தைவிட்டு வெளியேறியவன் நான். அந்த வலி எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர், "பிள்ளைகள் படிப்பது நமக்கு எங்கே புரியப் போகிறது" என்று ஒதுங்கிவிடுகிறோம். எனக்கு இன்றுவரை டென்சர் கணக்குப் போடத் தெரியாது. ஆனால் உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று கேட்க யாருக்கும் தெரியும். பதில் நமக்குப் புரிகிறதா என்பது இரண்டாம்பட்சம். நமக்குச் சொல்ல முயலும்போது பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

அவள் கிளம்பிய அன்று பையில் துணிகளுக்கு நடுவே எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஷாப்ட் துண்டு. "விடுதியில மேசை மேல வச்சுக்கிறேன்ப்பா" என்றாள். பஸ் ஏறும்போது பை கனத்தது, நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

மைலோ டின்னில் இப்போது என் மனைவி துணிக் கவ்விகளைப் போட்டு வைத்திருக்கிறார்.